உடைமரத்தில் தனியாக இருந்த தேவாங்குக் குட்டி: அடுத்து என்ன செய்வது?

கேள்வி இது: "சிங்கம்புணரிப் பக்கம் எங்கள் அப்பத்தா ஊர். நேற்று ராத்திரி தோப்பு வேலியோரம் டார்ச் அடித்தபோது உடைமரத்தில் இரண்டு சிவப்புக் கண்கள் தெரிந்தன. கிட்டே போய்ப் பார்த்தால் உள்ளங்கை அளவுக்கு ஒரு தேவாங்குக் குட்டி. தாயைக் காணோம். பாவம் என்று அட்டைப்பெட்டியில் வைத்துக் காரைக்குடிக்குக் கொண்டுவந்துவிட்டோம். பசும்பால் கொடுத்தால் குடிக்க மாட்டேன் என்கிறது. இதை வளர்க்கலாமா? கடித்தால் விஷம் என்று நண்பன் சொல்கிறான், உண்மையா? தேவாங்கு வீட்டுக்குள் வந்தால் ஆகாது என்று அப்பத்தா பயப்படுகிறார். அந்த வேலியை எடுத்துவிட்டுக் கம்பிவேலி போடும் வேலையும் அடுத்த வாரம் இருக்கிறது."

தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்தக் குட்டி இன்று பொழுது சாய்வதற்குள் அதே மரத்துக்குத் திரும்பப் போக வேண்டும். அது அநாதைக் குட்டி இல்லை. அதன் தாய் அதை அங்கே வைத்துவிட்டு இரை தேடப் போயிருக்கிறாள்.

தேவாங்குத் தாய் எப்போதும் அப்படித்தான் செய்வாள். குட்டி பிறந்து முதல் மூன்று நான்கு வாரம் வயிற்றோடு ஒட்டிக்கொண்டே திரியும். அதற்குப் பிறகு, இருட்டியதும் முள் அடர்ந்த ஒரு கிளையில் குட்டியைப் பற்றிக்கொள்ள வைத்துவிட்டுத் தாய் வேட்டைக்குக் கிளம்பிவிடுவாள். குட்டி சத்தமில்லாமல், அசையாமல் அங்கேயே இருக்கும். பெரும்பாலும் விடிவதற்கு முன்னால் தாய் வந்து எடுத்துக்கொள்வாள். இடையில் ஆண் தேவாங்குகள் குட்டி இருக்கும் கிளைக்கு வந்து, அதன் உடம்பை நக்கிச் சீர் செய்துவிட்டு, கொஞ்சம் விளையாடிவிட்டுப் போவதையும் ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். இரட்டைக் குட்டி போடுவது இந்த இனத்தில் சாதாரணம். அதனால் பக்கத்துக் கிளையிலேயே இன்னொன்று இருந்திருக்கவும் கூடும். தாயைக் காணோம் என்று எழுதியிருக்கிறீர்களே, அது கைவிடப்பட்டதற்கு அடையாளம் இல்லை. அந்தக் குட்டி தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது.

பசும்பாலை நிறுத்திவிடுங்கள், வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. வனச்சரக அலுவலகத்துக்குப் போன் செய்து நடந்ததை அப்படியே சொல்லுங்கள். குட்டிக்குக் காயமோ தளர்ச்சியோ இருந்தால் அவர்களிடமே ஒப்படையுங்கள். நன்றாக இருந்தால், அவர்களுக்குத் தெரியப்படுத்திவிட்டு அதே மரத்தில் அதே உயரத்தில் விடலாம். பெட்டியிலிருந்து எடுக்கும்போது துணியைக் கையில் சுற்றிக்கொள்ளுங்கள். பிடித்து இழுக்க வேண்டாம், அதன் பிடி அவ்வளவு உறுதி. இழுத்தால் விரல்தான் போகும். விரல் கனமுள்ள குச்சி ஒன்றை முன்னால் நீட்டினால் அதுவாகவே பற்றிக்கொள்ளும். குச்சியோடு கொண்டுபோய்க் கிளையில் சாய்த்தால் மெல்லக் கிளைக்கு மாறிவிடும். அப்புறம் முப்பது நாற்பது அடி தள்ளி வந்துவிடுங்கள். டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொள்ளுங்கள். ராத்திரி விலங்குகளைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் சிவப்பு வெளிச்சம்தான் வைத்திருப்பார்கள், அது அவற்றின் கண்ணை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. மனித வாடை பட்டுவிட்டதே, தாய் சேர்க்குமா என்று தயங்கி வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு ராத்திரி தேடிய தாய் மறு ராத்திரியும் அதே இடத்துக்கு வந்து பார்ப்பாள் என்று நம்ப இடமிருக்கிறது. இரண்டு மூன்று ராத்திரி போய்விட்டால் அந்த நம்பிக்கை குறைந்துகொண்டே போகும்.

சரி, இப்போது விஷத்துக்கு வருவோம். உங்கள் நண்பர் சொன்னது பொய்யில்லை, ஆனால் அது வேறு விலங்கைப் பற்றியது. லோரிஸ் என்று பொதுவாகச் சொல்லப்படும் கூட்டத்தில் இரண்டு கிளைகள் உண்டு. நம்மூரில் இருப்பது ஒல்லி உடம்பும் குச்சிக் கால்களும் கொண்ட சாம்பல் தேவாங்கு. வளர்ந்ததே கால் கிலோ முன்பின்தான் இருக்கும். தென்னிந்தியாவையும் இலங்கையையும் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. இலங்கையில் மட்டும் வாழும் செந்தேவாங்கு இதன் நெருங்கிய உறவு. மற்றக் கிளை ஸ்லோ லோரிஸ். குண்டு முகம், அடர்ந்த ரோமம், கட்டையான உடம்பு. வங்காள ஸ்லோ லோரிஸ் அசாம், மேகாலயா முதல் பர்மா, தாய்லாந்து, அதற்கும் அப்பால் வரை இருக்கிறது, எடை இரண்டு கிலோ வரைக்கும் போகும். மலாயாவிலும் சுமத்ராவிலும் ஒரு இனம், ஜாவாவில் ஒரு இனம், வியட்நாம் பக்கம் குட்டையான ஒரு இனம்.

நம் பக்கத்துக்காரர்களுக்கு இந்த வரைபடம் எளிதாக மனத்தில் பதியும். ரங்கூன், பினாங்கு, மேடான், சைகோன் என்று நகரத்தார் கொண்டுவிக்கப் போன ஊர்களை வரிசையாகச் சொன்னால், அது அப்படியே ஸ்லோ லோரிஸ் வாழும் நாடுகளின் பட்டியல். கொழும்புக்குப் போனவர்கள் செந்தேவாங்கின் நாட்டுக்குப் போனார்கள். கானாடுகாத்தானில் பெரிய வீடுகளின் வளவைச் சுற்றி நிற்கும் பர்மாத் தேக்குத் தூண்களைத் தொடும்போதெல்லாம், இந்த மரம் நின்ற நாட்டுக் காடுகளில் ராத்திரி ஒரு ஸ்லோ லோரிஸ் ஊர்ந்துகொண்டிருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

அந்த ஸ்லோ லோரிஸுக்குத்தான் நஞ்சு. முழங்கைக்குக் கொஞ்சம் மேலே, கையின் உட்பக்கத்தில் ஒரு சுரப்பி இருக்கிறது. அதிலிருந்து வரும் எண்ணெய் போன்ற கசிவை நக்கி எச்சிலோடு சேர்க்கும்போது அது நஞ்சாகிறது. கீழ்த்தாடையின் முன்பற்கள் சீப்பு மாதிரி நெருக்கமாக முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சீப்பின் இடுக்கு வழியாக நஞ்சு கடிவாய்க்குள் இறங்கும். கடிபட்ட இடத்தில் சதை அழுகிப் புண் ஆற நாளாகும். மனிதர்களில் சிலருக்கு ஒவ்வாமை முற்றி மூச்சுத் திணறி உயிராபத்து வரை போயிருக்கிறது. அந்தக் கசிவில் உள்ள ஒரு புரதம், பூனையால் நமக்கு ஒவ்வாமை உண்டாக்கும் புரதத்தை ஒத்திருப்பது வியப்பான விஷயம். குரங்கு, மனிதன் எல்லாம் அடங்கிய முதனி வரிசையில் நஞ்சு உள்ளது என்று அறியப்பட்டவை இந்த ஸ்லோ லோரிஸ் கூட்டம் மட்டுமே. இதை அவை அதிகம் பயன்படுத்துவது நம் மேலும் இல்லை, புலி சிறுத்தை மேலும் இல்லை, தங்கள் இனத்தின் மேலேயேதான். ஜாவாவில் பல ஆண்டுகள் கவனித்ததில், எல்லைத் தகராற்றில் ஒன்றையொன்று கடித்துக் காது கிழிந்தும் முகம் புண்ணாகியும் அவை திரிவது தெரிந்தது.

உங்கள் பெட்டியில் இருக்கும் தேவாங்குக்கு அப்படி நஞ்சு இருப்பதாக அறியப்படவில்லை. ஆனால் கடிக்கும். பல் ஊசி மாதிரி இருக்கும். எந்தக் காட்டுப் பாலூட்டி கடித்தாலும் செய்வதுபோலச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஸ்லோ லோரிஸை மல்லாக்கப் போட்டு அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்ட, அது கைகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கிடக்கும் வீடியோக்கள் உலகமெங்கும் ஓடின. "இன்னும் இன்னும் என்று கேட்கிறது பாருங்கள்" என்று அனுப்பினார்கள். எனக்கும் உறவினர்கள் அனுப்பினார்கள். கையை ஏன் தூக்குகிறது? மேலே சொன்ன சுரப்பி கையின் உட்பக்கம் இருக்கிறதல்லவா, கையைத் தலைக்கு மேல் கொண்டுபோனால் சுரப்பி வாயருகே வந்துவிடும். கடிப்பதற்கான தயாரிப்பு அது. பயத்தின் உச்சத்தில் இருக்கும் விலங்கைத்தான் சிரித்துக்கொண்டு பார்த்தோம். அப்படி விற்கப்படும் விலங்குகளுக்குப் பெரும்பாலும் பல்லும் இருக்காது. கடிக்காமல் இருக்க வியாபாரிகள் நகவெட்டியால் பல்லை நறுக்கிவிடுகிறார்கள். மயக்கமருந்து எல்லாம் கிடையாது. அந்தப் புண்ணில் சீழ் வைத்தே பல செத்துப்போகின்றன. 2007இல் ஸ்லோ லோரிஸ்களின் பன்னாட்டு வணிகம் அடியோடு தடை செய்யப்பட்டதற்கு இந்தச் செல்லப்பிராணி மோகம் ஒரு முக்கியக் காரணம்.

தேவாங்கை வீட்டில் வளர்க்க முடியாது என்று நான் சொல்வது சட்டத்துக்காக மட்டும் இல்லை. அந்த உடம்பு எதற்காக ஆகியிருக்கிறது என்று பார்த்தால் உங்களுக்கே புரியும்.

கண்ணிலிருந்து ஆரம்பிக்கலாம். விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடிபோல ஒரு படலம் இருக்கிறது. உள்ளே வரும் கொஞ்ச வெளிச்சத்தைத் திருப்பி அடித்து, விழித்திரைக்கு இரண்டாவது வாய்ப்புக் கொடுக்கும். டார்ச் அடித்தபோது நீங்கள் பார்த்த செந்தணல் அதுதான். இரண்டு கண்ணும் நேராக முன்னால் பார்ப்பதால், இரை எத்தனை அங்குலம் தள்ளி இருக்கிறது என்று அதற்குத் துல்லியமாகத் தெரியும். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு டியூப்லைட் எரியும் அறையில் உட்காருவது என்ன பாடு என்று யோசித்துப் பாருங்கள். நம்மூரில் "தேவாங்கு மாதிரி முழிக்கிறான்" என்று திட்டுவார்கள். அது முழிப்பதே நாம் வெளிச்சம் அடிப்பதால்தான்.

கையைப் பாருங்கள். கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு நேர் எதிராக விரியும், ஆள்காட்டி விரல் வெறும் குமிழாகச் சுருங்கியிருக்கும். கிடுக்கி மாதிரி ஒரு கை. காலும் அப்படியே. கால்களை மட்டும் கிளையில் மாட்டிக்கொண்டு இரண்டு கையையும் விட்டுவிட்டு நீட்ட அதனால் முடியும். காலின் இரண்டாம் விரலில் மட்டும் நகம் கூராக வளர்ந்திருக்கும், காது குடையவும் ரோமம் வாரவும். ஆனால் தேவாங்கு தாவாது. குரங்குபோல ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குப் பாய முடியாது. ஒரு கிளையிலிருந்து கையெட்டும் தூரத்தில் அடுத்த கிளை இருந்தால்தான் அதற்குப் பாதை. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இதற்கே திரும்பி வருவேன்.

பல வருஷத்துக்கு முன் அய்யலூர் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு ராத்திரி முழுக்க நின்று பார்த்திருக்கிறேன். உடைமரக் கிளையில் ஒரு தேவாங்கு நடந்து வந்தது. நடை என்றால் வழுக்கிக்கொண்டு போவது மாதிரி. எந்த நேரமும் மூன்று பிடியாவது கிளையில் இருக்கும், இலை ஒன்று அசையவில்லை. ஓரிடத்தில் நின்றது. மூக்கு மட்டும் அசைந்தது. முன்னால் முக்கால் முழத்தில் ஒரு பூச்சி. தேவாங்கு பின்கால்களால் கிளையைப் பிடித்துக்கொண்டு உடம்பை மட்டும் முன்னால் நீட்டியது. நீட்டுகிறது என்று தெரியாத வேகம். சட்டென்று இரண்டு கையும் ஒன்றாக மூடின. அந்த ஒரு கணத்தைத்தான் அதன் வாழ்க்கையிலேயே வேகமான கணம் என்று சொல்வேன். பிறகு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, தலையிலிருந்து கடித்துத் தின்றது. இன்னொரு சமயம் கிளையில் ஊர்ந்த எறும்புச் சாரையை வாயாலேயே வாரித் தின்றது. தின்று முடித்ததும் தும்மியது, எச்சில் ஒழுக விட்டது, தலையை உதறியது. பிறகு தன் மூத்திரத்தையே கையிலும் காலிலும் தேய்த்துக்கொண்டது. அசிங்கம் என்று நினைக்க வேண்டாம். எறும்பின் கடுகடுப்பைத் தணிப்பதற்காக இருக்கலாம் என்பது ஒரு கருத்து. வாசனையால் தன் வழியைக் குறித்துவைக்கவும் அது உதவும்.

அதே அய்யலூரில் 1997, 98இல் அன்னா நெகாரிஸ் என்ற ஆய்வாளர் மாதக்கணக்கில் ராத்திரி ராத்திரியாகத் தேவாங்குகளின் பின்னால் நடந்து குறிப்பெடுத்தார். அவை தின்றதில் 90 விழுக்காட்டுக்கு மேல் பூச்சி, எறும்பு, கரையான் போன்ற உயிரிரையே என்று அதில் தெரிந்தது. கொஞ்சம் மரப்பிசின். பழம் பெரிதாக இல்லை. முதனிகளில் இவ்வளவு தூரம் மாமிசத்தை நம்பியவை மிகச் சில. கடுப்பும் நாற்றமும் உள்ள பூச்சிகளை மற்றவை தொட மாட்டா, இது தின்னும். வளர்சிதை வேகம் குறைவான உடம்பு என்பதால் நஞ்சான தீனியை மெல்லச் சமாளிக்க முடிகிறது. அந்த மெதுவான உடம்பைப் பார்த்துச் சோம்பேறி என்று பெயர் வைத்தார்கள். அசையாமல் இருப்பதுதான் அதன் வேட்டைக் கருவி, ஆந்தையிடமிருந்தும் மரநாயிடமிருந்தும் ஒளியும் கவசமும் அதுதான். வாழைப்பழமும் பிஸ்கட்டும் கொடுத்து வளர்க்கப்படும் தேவாங்குகளுக்குப் பல்லும் உடம்பும் கெட்டுப்போவதில் ஆச்சரியமில்லை.

அது தனிமை விரும்பி என்று எல்லோரும் நினைப்பார்கள். ராத்திரி தனித்தனியாகத்தான் இரை தேடும். ஆனால் இருட்டில் விசில் மாதிரி ஒரு கூர்த்த சத்தம் கொடுத்து ஒன்றின் இருப்பை மற்றொன்றுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். விடியும்போது நான்கைந்து தேவாங்குகள் ஒரு முட்புதருக்கு வந்து சேர்ந்து, ஒன்றோடொன்று பின்னிப் பந்தாகச் சுருண்டு தூங்கும். கூடு கட்டாது, பொந்தும் தேடாது. உங்கள் பெட்டிக் குட்டி இப்போது இழந்திருப்பது அந்தப் பந்தைத்தான்.

இதன் சொந்தக்காரர்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. ஆப்பிரிக்காவில் பொட்டோ என்று ஒன்று, இதே ஊர்ந்து செல்லும் சுபாவம். அதே காட்டில் வாழும் புஷ்பேபி நேர் எதிர், தவளை மாதிரித் தாவும். மடகாஸ்கரில் கொழுத்த வால் கொண்ட குட்டி லெமூர் ஒன்று, வாலில் சேர்த்த கொழுப்பை வைத்துக்கொண்டு ஏழு மாதம் வரை மரப்பொந்தில் உறங்கிக் கிடக்கும். வியட்நாமின் குட்டை ஸ்லோ லோரிஸும் குளிர்காலத்தில் தொடர்ந்து இரண்டரை நாள் வரை அப்படி உடம்பு குளிர்ந்து கிடப்பது 2015இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியாக் காடுகளில் இருக்கும் டார்சியர் பார்க்கத் தேவாங்கு மாதிரி இருந்தாலும் குரங்குகளுக்குத்தான் நெருக்கம். அதன் கண்ணில் அந்தப் பளபளப்புப் படலம் கிடையாது. அதற்கு ஈடுகட்டுகிற மாதிரி ஒவ்வொரு கண்ணும் அதன் மூளை அளவுக்குப் பெருத்திருக்கிறது.

அப்பத்தாவின் பயத்தை ஒதுக்கிவிடாதீர்கள். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர்ச் சந்தைக்கு ஒருவர் தேவாங்கைக் கூண்டில் கொண்டுவந்து, நட்டநடு வெயிலில் சீட்டு எடுக்கவைத்து ஜோசியம் சொல்வார். கண்ணைத் திறக்க முடியாமல் அது சீட்டைத் தடவியதை இன்னும் மறக்க முடியவில்லை. அதன் ரோமத்தில் தாயத்து, கண்ணில் வசிய மை, மருந்து என்று பிடித்துக் கொன்றவர்களும் உண்டு. பார்த்தால் ஆகாது என்று அடித்துப் போட்டவர்களும் உண்டு. ஒருவகையில் "வீட்டுக்குள் வேண்டாம்" என்று அப்பத்தா சொல்வது அந்தக் குட்டிக்கு நல்லதாகத்தான் முடிகிறது. வீட்டுக்குள் வேண்டாம், அதன் வீட்டிலேயே இருக்கட்டும் என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டியில் கண்மாய்ப் பறவைகள் பயப்படும் என்று தீபாவளிக்கு வெடியே போடாமல் இருக்கிறார்கள். அவருக்கு அது தெரிந்திருக்கும்.

சட்டம் என்று பார்த்தால், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலி, யானையோடு தேவாங்கும் இருக்கிறது. பிடித்தாலும் வைத்திருந்தாலும் மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். இரக்கப்பட்டு எடுத்ததை உடனே தெரிவித்துவிட்டால் பிரச்சினை இல்லாமல் முடியும், அதனால்தான் முதலில் போன் செய்யச் சொன்னேன். 2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. இந்தியாவில் தேவாங்குக்கென்று ஏற்பட்ட முதல் சரணாலயம். அதன் ஒரு பகுதி நத்தம் வட்டத்தில் வருகிறது, உங்கள் அப்பத்தா ஊருக்கு அது அப்படியொன்றும் தொலைவில்லை.

ஆனால் சரணாலயத்துக்கு வெளியேயும் தேவாங்கு வாழ்கிறது, தோப்போரத்திலும் கோயில்காட்டிலும். அதற்குப் பெரிய காடு வேண்டும் என்பதில்லை. காரைக்குடிக்கே பெயர் கொடுத்த காரைச்செடி மாதிரியான முட்புதர், உடை, கிளுவை, கள்ளி எல்லாம் பின்னிக் கிடக்கும் உயிர்வேலி போதும். வேலியை எடுத்துக் கம்பி போட்டால் பாதை அறுந்துபோகும். தாவத் தெரியாத விலங்கு தரையில் இறங்கும். தரையில் நாய், ரோட்டில் வண்டி. மின்கம்பியைக் கிளை என்று நினைத்துப் பிடித்துக் கருகியதையும் பார்த்திருக்கிறேன்.

அதனால் வேலி வேலையைப் பற்றி மாமாவிடமோ சித்தப்பாவிடமோ, யார் பொறுப்போ அவரிடம் பேசுங்கள். கம்பி போட வேண்டுமானால் உயிர்வேலிக்கு உட்பக்கமாக இரண்டடி தள்ளிப் போடச் சொல்லுங்கள், வேலியை வெட்டாமல் இரண்டும் இருக்கலாம். வெட்டியே ஆக வேண்டும் என்றால், குட்டி இருந்த உடைமரத்திலிருந்து அடுத்த மரம் வரைக்குமாவது விட்டுவைக்கச் சொல்லுங்கள். வண்டிப்பாதைக்கு மேலே இரண்டு பக்கத்துக் கிளைகளும் தொட்டுக்கொண்டிருந்தால் அவற்றைக் கழிக்க வேண்டாம். எதுவானாலும் அடுத்த வாரமே வேண்டாம். தேவாங்குக் குட்டி பால் மறக்கவே ஐந்து மாதம் பக்கம் ஆகும்.

இன்று சாயந்தரம் ஐந்து மணிக்குள் கிளம்பிவிடுங்கள். பெட்டியில் காற்றுத் துளை போட்டு, உள்ளே பற்றிக்கொள்ள ஒரு கிளையை வைத்து, மேலே துணி மூடி எடுத்துப்போங்கள். நாளை விடியற்காலை, வெளுப்பதற்கு முன் ஒரு தடவை போய்த் தூரத்தில் நின்று பாருங்கள். கிளை காலியாக இருந்தால் கீழே தரையையும் சுற்றியுள்ள புதரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, எனக்கு ஒரு வரி எழுதுங்கள். குட்டி இன்னும் அங்கேயே தனியாக இருந்தால், வெயில் ஏறுவதற்கு முன் வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள்.